ஏதென்சின் சலவைக்கல்லும் ரோமின் கான்கிரீட்டும்: இரண்டையும் பார்த்துவிட்டு வந்தேன்

கடந்த 2025 மே மாதம் நானும் என் கணவரும் ஏதென்சில் மூன்று நாளும் ரோமில் நான்கு நாளும் தங்கினோம். ஜெர்மனியில் ஷ்டுட்கார்ட் நகரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் விடுப்பு எடுத்துக்கொண்டு உடன் வந்தாள். ஊர் திரும்பிய நாளிலிருந்து பழைய சக ஊழியர்கள் தொலைபேசியில் கேட்பது ஒரே கேள்விதான்: "பார்த்தெனான், பாந்தியன் இரண்டில் எது மேல்? ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் எங்கே போவது?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

நான் 34 ஆண்டுகள் கட்டடப் பொறியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பள்ளிக்கூடம், மருத்துவமனை வார்டு, மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி, ஊழியர் குடியிருப்பு, இவைதான் என் கையால் எழுந்தவை. எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் என் கண் முதலில் போவது தளத்தின் வாட்டத்துக்கும் சுவரின் வெடிப்புக்கும்தான். சிற்ப அழகைப் பற்றி எழுதத் தகுதியானவர்கள் வேறு பலர் இருக்கிறார்கள். கட்டியவர்களின் பக்கத்திலிருந்து நான் பார்த்ததை இங்கே சொல்கிறேன்.

பெயர்கள் காதில் ஒன்றுபோல் விழுவதால் பலர் குழம்புகிறார்கள். பார்த்தெனான் கிரேக்கர்களுடையது, ஏதென்சின் அக்ரோபொலிஸ் குன்றின் மேல், கன்னித் தெய்வமான அத்தீனாவுக்காக, ஏதென்சின் தலைவர் பெரிக்கிளிஸ் காலத்தில் கி.மு. 447-இல் தொடங்கிக் கட்டியது. பாந்தியன் ரோமானியர்களுடையது, ஊரின் நடுவில், பேரரசர் ஹேட்ரியன் காலத்தில் கி.பி. 125 வாக்கில் முடிந்தது. இரண்டுக்கும் இடையே 550 ஆண்டுகளுக்கு மேல் ஓடியிருக்கின்றன. அந்த இடைவெளியில் கட்டடக் கலையே வேறொன்றாகிவிட்டது. ஒன்று கல்லைச் செதுக்கிப் பொருத்தியது. மற்றது கலவையை வார்த்தது.

முதலில் ஏதென்ஸ். அக்ரோபொலிஸ் நுழைவுச் சீட்டு ஒருவருக்கு 30 யூரோ, அன்றைய கணக்கில் ஏறக்குறைய 2,900 ரூபாய். முன்பு 20 யூரோவாக இருந்ததை 2025 ஏப்ரலில் உயர்த்தியிருக்கிறார்கள். மணி வாரியாக நேரம் ஒதுக்குகிறார்கள்; நாளொன்றுக்கு 20,000 பேர் என்ற வரம்பும் இருக்கிறது. மகள் காலை எட்டு மணிக்கான முதல் நேரத்தைப் பதிவு செய்திருந்தாள். இதைத் தயவுசெய்து அப்படியே பின்பற்றுங்கள். மேலே மர நிழல் என்று சொல்ல ஒன்றும் இல்லை. பத்து மணிக்கெல்லாம் வெள்ளைக் கல்லிலிருந்து எழும் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது. தண்ணீர் புட்டி, தொப்பி, ரப்பர் அடிப்பாகம் உள்ள காலணி, மூன்றும் வேண்டும். பல நூற்றாண்டுக் காலடிகள் வழவழப்பாக்கிய கல்லில் என் கணவர் ஒருமுறை சறுக்கிவிட்டார். மகள் தோளைப் பிடித்ததால் விழவில்லை. அவர் அணிந்திருந்தது தோல் செருப்பு. குன்றின் மேல் சில ஆண்டுகளுக்கு முன் கான்கிரீட் பாதை போட்டிருக்கிறார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு மின்தூக்கியும் இருக்கிறது. பழைய பாறையின் மேல் புதுப் பாதையா என்று எதிர்ப்பு எழுந்ததாகப் படித்திருந்தேன். முழங்கால் வலிக்காரரோடு ஏறிய எனக்கு அந்தப் பாதையைக் குறை சொல்ல மனம் வரவில்லை. தள்ளுநாற்காலியில் ஒரு மூதாட்டி பார்த்தெனானின் எதிரில் வந்து நின்றதை என் கண்ணால் பார்த்தேன்.

கட்டடத்தின் அளவு முதலில் ஏமாற்றும். மேடை 69.5 மீட்டர் நீளம், 30.9 மீட்டர் அகலம். நம் ஊர்க் கல்யாண மண்டபங்கள் சில அதற்கு நெருங்கி வரும். ஆனால் ஒவ்வொரு தூணும் 10.4 மீட்டர் உயரம். அடியில் இரண்டு மீட்டருக்குச் சற்றே குறைந்த விட்டம். முகப்பில் 8, பக்கவாட்டில் 17 என்று சுற்றிலும் 46 தூண்கள். ஒரு தூண் ஒரே கல் அல்ல. உருளைக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. இரண்டு உருளைக்கு நடுவே சாந்து கிடையாது. மையத்தில் மரக்கட்டை செருகி, மேலுருளையைக் கீழுருளையோடு நேர்கோட்டில் நிறுத்தியிருக்கிறார்கள். கிடைமட்டக் கற்களை இரும்புக் கவ்விகளால் பிணைத்து, துருப் பிடிக்காமல் சுற்றிலும் ஈயம் ஊற்றியிருக்கிறார்கள்.

அந்த ஈயத்தைப் பற்றி நான் நெடுநேரம் யோசித்துக்கொண்டு நின்றேன். காரணம் இருக்கிறது. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், பலானோஸ் என்ற பொறியாளரின் தலைமையில் இந்தத் தூண்களை எடுத்து நிறுத்தியபோது இரும்புக் கம்பிகளையும் பட்டைகளையும் ஈயக் காப்பு இல்லாமலே கல்லுக்குள் வைத்துவிட்டார்கள். சில பத்தாண்டுகளில் இரும்பு துருப் பிடித்து ஊதி, உள்ளிருந்தே சலவைக்கல்லை வெடிக்க வைத்தது. நம் கடலோர ஊர்களில் கட்டிய எந்தக் கான்கிரீட் வீட்டின் சஜ்ஜாவையும் பாருங்கள். கம்பிக்கு மேல் கான்கிரீட் மூடாப்பு குறைந்த இடத்தில் கம்பி துருவேறி, காரை பெயர்ந்து தொங்கும். அதே நோய்தான் அங்கேயும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவன் செய்த முன்னெச்சரிக்கையைப் பின்னால் வந்தவர் விட்டுவிட்டார். 1975-இல் அதற்கெனக் குழு ஒன்று அமைத்து, அந்த இரும்பையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, துருப் பிடிக்காத டைட்டானியம் வைத்து வருகிறார்கள். நாங்கள் போனபோது மேற்கு முகப்பில் சாரம் நின்றது. உடன் வந்த பயணிகள் சிலர் புகைப்படம் கெட்டுவிட்டது என்று வருந்தினார்கள். எனக்கோ அதுதான் நாளின் சிறந்த காட்சி. கிரேன், கல் அறுக்கும் ஓசை, தலைக்கவசம் அணிந்த கல்தச்சர்கள், தூசி. இது வேலை நடக்கும் தளம். நான் வாழ்நாள் முழுவதும் நின்ற இடம்.

பழுது பார்க்கும் முறையைச் சற்று விவரமாகச் சொல்ல வேண்டும். உடைந்த கல்லில் காணாமல் போன பகுதிக்கு மட்டும், அன்று கல் வெட்டி எடுத்த அதே பென்டெலி மலையின் சலவைக்கல்லில் துண்டு செதுக்கி ஒட்டுகிறார்கள். பழைய கல்லை ஒரு விரல்கூடப் புதிதாக வெட்டுவதில்லை. உடைந்த பரப்பு எப்படிக் கோணல்மாணலாக இருக்கிறதோ அதற்கு இசைவாகப் புதுக் கல்லைத்தான் குடைகிறார்கள். அந்தக் கல்லில் சிறிது இரும்புச் சத்து உண்டு. அதனால் பழைய பகுதி தேன் நிறமாக மாறியிருக்கிறது. புதியது பால் வெள்ளை. எது அன்றையது, எது இன்றையது என்று ஒரு குழந்தைகூடச் சொல்லிவிடும். மறைக்க வேண்டும் என்று நினைத்திருந்தால் சாயம் பூசியிருக்கலாம். பூசவில்லை. பின்னால் வருபவருக்குத் தேவைப்பட்டால் கழற்றியும் எடுத்துவிடலாம். ஒரு சுவரில் வெடிப்பு வந்தால் சிமெண்ட் பால் அடித்து, வெள்ளை பூசி, ஒப்படைப்பு விழாவுக்கு முன் மறைத்துவிடும் பழக்கத்தோடு பல ஆண்டுகள் சண்டை போட்டவள் நான். இந்த வெள்ளைத் திட்டுகளைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

இனி வளைவு. பார்த்தெனானில் நேர்கோடு என்று தோன்றுவது நேர்கோடு அல்ல. மேடை நடுவில் மேலெழும்புகிறது: குறுகிய பக்கங்களில் சுமார் 6 சென்டிமீட்டர், நீண்ட பக்கங்களில் சுமார் 11 சென்டிமீட்டர். கயிற்றுத் தடுப்புக்கு இப்பால் வடமூலையில் குனிந்து, படியின் விளிம்போடு கண்ணை ஓட்டினால் அந்த மேடு நன்றாகத் தெரியும். தூண்கள் எல்லாம் இம்மி உள்நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. தூணின் உடல் நடுவில் இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவாகப் புடைத்திருக்கிறது. மூலைத் தூண்கள் மற்றவற்றைவிடச் சற்றுப் பருமன். கண்ணுக்குக் கட்டடம் தொய்ந்ததுபோலத் தெரியக் கூடாது என்பதற்காக இப்படிச் செய்தார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். காரணம் எதுவாயினும், விளைவை நினைத்துப் பாருங்கள்: மேடை வளைந்தால் அதன் மேல் நிற்கும் எந்த உருளைக் கல்லும் செங்கோணத்தில் இருக்க முடியாது. ஒவ்வொன்றின் அடிப்பரப்பும் அதனதன் இடத்துக்கென்று தனியாகச் சரிந்திருக்க வேண்டும். வார்ப்பு அச்சு செய்து நூறு எண்ணிக்கை அடித்துத் தள்ளும் வேலை இல்லை இது. தூக்குக்குண்டும் ரசமட்டமும் நேர்மைக்கு அளவு என்று படித்த எங்களுக்கு, வேண்டுமென்றே மட்டத்தை மீறி, அந்த மீறலை மில்லிமீட்டர் கணக்கில் காப்பாற்றிய வேலை இது. இக்டினோஸ், கல்லிக்ராட்டீஸ் என்று இரண்டு கட்டடக் கலைஞர்களின் பெயர் நமக்குக் கிடைத்திருக்கிறது. அந்தச் சரிவைக் கல்லில் கொண்டுவந்த தச்சர்களுக்கு என் வணக்கம்.

செலவுக் கணக்கும் இருக்கிறது. பார்த்தெனானின் வரவு செலவைக் கல்லில் வெட்டிப் பொதுவில் நிறுத்தினார்கள், துண்டுகள் எஞ்சியுள்ளன. அதைவிட என்னைத் தொட்டது அதே குன்றின் வடபக்கம் உள்ள எரெக்தியோன் கோயிலின் கூலிக் கணக்கு. அதில் சமூக நிலை தெரிந்த தொழிலாளர் 86 பேர். 24 பேர் ஏதென்சின் குடிமக்கள், 42 பேர் வெளியிலிருந்து வந்து குடியேறியவர்கள், 20 பேர் அடிமைகள். ஒரே வேலைக்கு மூவருக்கும் நாள் கூலி ஒரே ஒரு திராக்மா நாணயம். அடிமையின் கூலி பெரும்பாலும் அவனை உடைமையாக வைத்திருந்தவன் கைக்குத்தான் போயிருக்கும். அந்த அநீதியை நான் மறக்கவில்லை. ஆனாலும் கணக்கில் வேலைக்கு விலை ஒன்றுதான். கூலிப் பதிவேடான மஸ்டர் ரோலில் ஆண்களுக்கு ஒரு தொகையும் அதே பாரம் தூக்கிய சித்தாள் பெண்களுக்குக் குறைந்த தொகையும் எழுதப்பட்டதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட ஆண்டுகள் எனக்கு உண்டு. எரெக்தியோனின் எதிரில் நின்றபோது அந்தப் பெண்களின் முகங்கள் வரிசையாக வந்தன. அங்கே கூரையைத் தலையில் தாங்கி நிற்பதும் ஆறு பெண் சிலைகள்தான். மேலே நிற்பவை நகல்கள். அசல்களில் ஐந்து கீழே அருங்காட்சியகத்தில், ஒன்று லண்டனில்.

அருங்காட்சியகத்துக்குத் தனிச் சீட்டு எடுக்க வேண்டும், எடுத்துவிடுங்கள். குன்றின் அடியில் 2009-இல் திறந்தது. மேல்தளக் கண்ணாடிக் கூடத்தைப் பார்த்தெனான் எந்தத் திசையில் நிற்கிறதோ அதே திசைக்குத் திருப்பிக் கட்டியிருக்கிறார்கள். கோயிலைச் சுற்றி ஓடிய 160 மீட்டர் நீளச் சிற்பப் பட்டையை அதே வரிசையில் வைத்திருக்கிறார்கள். 1801 முதல் பிரிட்டிஷ் தூதர் எல்ஜின் பிரபு பெயர்த்து எடுத்துச் சென்று, 1816-இல் பிரிட்டன் அரசு வாங்கிய பகுதிகள் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைச் சுண்ண வார்ப்புகள். பழைய தேன் நிறத்துக்கு நடுவில் அந்த வெளிறிய பலகைகள் பல்லுப் போன வாய்போல இருக்கின்றன. இத்தாலியின் பலெர்மோவிலிருந்து ஒரு துண்டு 2022-இல் நிரந்தரமாகத் திரும்பி வந்தது; 2023-இல் வத்திக்கான் மூன்று துண்டுகளைத் திருப்பித் தந்தது. லண்டனில் உள்ளவையும் வர வேண்டும். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு போங்கள். பார்த்தெனானுக்குள் பயணிகள் நுழைய முடியாது. சுற்றி நடக்கத்தான் முடியும். உள்ளே இருந்த பொன்னும் தந்தமும் போர்த்திய அத்தீனா சிலை என்றோ போய்விட்டது. தேவாலயமாகி, மசூதியாகி, கடைசியில் துருக்கியர் வெடிமருந்தைக் குவித்துவைத்த கிடங்காகி, 1687 செப்டம்பர் 26-இல் வெனிசியரின் குண்டு விழுந்து நடுப்பகுதி சிதறியது. அதுவரை 2,100 ஆண்டுகளாக எழுந்து நின்ற கட்டடம். பூகம்பம் செய்யாததை மனிதன் ஒரே மாலையில் செய்துவிட்டான்.

ரோமுக்கு விமானத்தில் இரண்டு மணி நேரம். பாந்தியனுக்கு நாங்கள் போனபோது நுழைவுக் கட்டணம் வெறும் 5 யூரோ, ஏறக்குறைய 480 ரூபாய். 2023 ஜூலையில்தான் கட்டணமே தொடங்கினார்கள். இதில் நாங்கள் ஏமாந்தோம். ஏதோ ஒரு தனியார் இணையதளத்தில் "வரிசை இல்லாமல் நுழையலாம்" என்று போட்டிருந்ததை நம்பி ஒருவருக்கு 16 யூரோ கொடுத்தோம். நேரில் போனால் எல்லாரோடும் அதே வரிசையில்தான் நின்றோம். அதிகாரப்பூர்வ இணையதளத்திலோ வாசலிலோ மட்டும் சீட்டு எடுங்கள். கத்தோலிக்கர்களின் ஜூபிலி ஆண்டு என்பதால் ஊர் முழுவதும் யாத்திரிகர்கள். வரிசை சதுக்கத்தைச் சுற்றி வளைந்திருந்தது. இது இன்றும் வழிபாடு நடக்கும் தேவாலயம், தோள் மறைக்கும் உடை வேண்டும். சேலை கட்டியிருந்த எனக்கு ஒரு சிக்கலும் இல்லை. சதுக்கத்தில் சாப்பிட உட்காராதீர்கள். இரண்டு தெரு தள்ளிப் போனால் அதே உணவு பாதி விலைக்குக் கிடைக்கிறது.

சதுக்கத்தில் நிற்கும்போது கட்டடம் மனதைக் கவரவில்லை என்பதே உண்மை. முன்மண்டபத்தில் 16 கருங்கல் தூண்கள். ஒவ்வொன்றும் ஒரே கல், ஏறக்குறைய 60 டன். எகிப்தின் கிழக்குப் பாலைவனத்தில் வெட்டி, நைல் ஆற்றுக்கு இழுத்து, கடல் கடத்திக் கொண்டுவந்தவை சாம்பல் நிறத் தூண்கள். இளஞ்சிவப்புத் தூண்கள் அஸ்வானிலிருந்து வந்தவை. இந்த முன்மண்டபத்தின் முக்கோண முகப்புக்குப் பின்னால், உயரத்தில் இன்னொரு முக்கோணத்தின் கோடு சுவரில் தெரிகிறது, பாருங்கள். இரண்டும் பொருந்தவில்லை. 50 ரோம அடித் தூண்களுக்குத் திட்டமிட்டு, 40 அடித் தூண்களே வந்து சேர்ந்ததால் முகப்பைத் தாழ்த்தியிருக்கலாம் என்று கட்டடவியல் அறிஞர் சிலர் கருதுகிறார்கள். எனக்கு அதை நம்ப ஒரு கணமும் ஆகவில்லை. கேட்ட அளவில் சரக்கு வராமல், கெடு நெருங்கி, மேலிடத்தைச் சம்மதிக்க வைத்து வரைபடத்தை மாற்றுவது தளத்தில் இருப்பவர்களின் அன்றாடம். நுழையும் முன் இடப்பக்க மூலைத் தூணின் உச்சியையும் பாருங்கள்; தேனீ ஒன்று செதுக்கியிருக்கும். 17-ஆம் நூற்றாண்டில் அந்தத் தூணை மாற்றிவைத்த போப்பாண்டவர் எட்டாம் உர்பனுடைய குடும்பச் சின்னம் அது. இதே உர்பன்தான் மண்டபக் கூரையின் வெண்கல உத்தரங்களைப் பெயர்த்து உருக்கினார்.

உள்ளே போனேன். அப்படியே நின்றுவிட்டேன்.

43.3 மீட்டர் விட்டம். தரையிலிருந்து உச்சி வரையும் அதே 43.3 மீட்டர். உச்சியில் சுமார் 9 மீட்டர் அகலத்துக்கு, வானத்தைப் பார்த்துத் திறந்த ஒரு வட்டக் கண். நடுவில் ஒரு தூண் இல்லை, ஓர் உத்தரம் இல்லை, ஒரு கம்பி இல்லை. கம்பி கட்டாத கான்கிரீட் குவிமாடங்களில் இன்றுவரை உலகிலேயே பெரியது இதுதான். எண்களை நான் கல்லூரியில் படித்தவள், தேர்வில் எழுதியவள். எழுதியதற்கும் அடியில் நிற்பதற்கும் தொடர்பே இல்லை. என் கணவர் வங்கியில் வேலை பார்த்தவர், கட்டடத்தைப் பற்றி ஒருபோதும் கருத்துச் சொல்லாதவர். "இதைத் தாங்கிக்கொண்டிருப்பது எது?" என்று மெல்லக் கேட்டார்.

அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். சுவர் ஆறு மீட்டர் கனம், ஆனால் முழுத் திணிவு அல்ல; உள்ளே வெற்றிடங்களும், பாரத்தைப் பிரித்து இறக்கும் செங்கல் வளைவுகளும் இருக்கின்றன. கலவையின் ஜல்லி உயரத்துக்கு உயரம் மாறுகிறது: அடித்தளத்தில் கனமான சுண்ணக்கல், மேலே போகப் போக உடைத்த செங்கல், எரிமலைக் கல், உச்சியில் நுரைபோல் எடையற்ற பியூமிஸ் கல். குவிமாடம் அடியில் ஆறு மீட்டருக்கு மேல் கனம். கண்ணின் விளிம்பில் 1.2 மீட்டர். உட்புறத்தில் 28 பெட்டிகள் கொண்ட ஐந்து வரிசையாகக் குழிவுகள். அழுத்தத்தைத் தாங்கக் கான்கிரீட்டுக்குத் தெரியும். இழுவையைத் தாங்கத் தெரியாது. குவிமாடத்தின் அடிப்பகுதி வெளியே விரிய முயலும். நாங்களாக இருந்தால் அங்கே வளையக் கம்பி கட்டுவோம். அவர்கள் வெளிப்புறத்தில் படிப்படியான வளையங்களாக எடையை ஏற்றி அமுக்கினார்கள். வெடிப்பு வரவில்லையா? வந்தது. அடிப்பகுதியில் மேல்நோக்கி ஓடும் வெடிப்புகள் உண்டு. வெடித்த பிறகு குவிமாடம் ஆரஞ்சுச் சுளைகள்போலத் தனித்தனி வளைவுகளாக ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நிற்கிறது. ஏறக்குறைய 1,900 ஆண்டுகளாக.

இந்தக் கலவை நமக்கு அந்நியமானது இல்லை. சுண்ணாம்போடு எரிமலைச் சாம்பல் மண் சேர்த்தது அவர்கள் முறை. சுண்ணாம்போடு செங்கல் தூளைச் சேர்த்த சுர்க்கி நம் முறை. மொட்டை மாடியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுக் கட்டையால் அடித்துத் தளம் இறுக்கியதை நான் பணியில் சேர்ந்த புதிதில் பார்த்திருக்கிறேன். அரைத்த சுண்ணாம்பில் வெள்ளைக் கட்டி தென்பட்டால் அரவை சரியில்லை என்று மேஸ்திரியைக் கடிந்துகொள்வோம். ரோமானியக் கான்கிரீட்டிலும் அந்த வெள்ளைக் கட்டிகள் நிறைய உண்டு. கவனக்குறைவு என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் ரோமுக்குத் தெற்கே பிரிவெர்னம் என்ற பழைய ஊரின் மதிற்சுவரை ஆராய்ந்து 2023-இல் வேறு விளக்கம் தந்தார்கள். நீற்றாத சுண்ணாம்பைச் சூடாகவே கலந்ததால் வந்த கட்டிகள் அவை. வெடிப்பில் தண்ணீர் இறங்கினால் அந்தச் சுண்ணம் கரைந்து, மறுபடி இறுகி, வெடிப்பை அடைக்கிறது. எத்தனை மேஸ்திரிகளை வீணாகத் திட்டியிருக்கிறேன் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

செங்கல்லையும் சொல்லிவிடுகிறேன். வாசல் பலகையில் மூன்றாம் முறை கான்சல் என்ற உயர் ஆட்சிப் பதவியில் இருந்த அக்ரிப்பா கட்டினார் என்று பெரிய எழுத்தில் லத்தீனில் இருக்கிறது. அது முந்தைய, எரிந்துபோன கட்டடத்தைக் கட்டியவரின் பெயர். இப்போதுள்ளது எப்போது எழுந்தது என்பதைக் காட்டிக்கொடுத்தவை சூளைக்காரர்கள் செங்கல்லில் குத்திய முத்திரைகள். நம் சூளைகளிலும் முதலாளியின் பெயரெழுத்து இரண்டைச் செங்கல் நடுவில் பதிப்பார்கள். வாசல் பலகையின் வாசகத்தைவிடச் சூளையின் முத்திரை நம்பகமான சாட்சியாகிவிட்டது.

முதல் நாள் காலை பத்தரை மணிக்குப் போனோம். உச்சிக் கண் வழியாக விழுந்த வெயில் வட்டம் வலப்பக்கச் சுவரில் இருந்தது. நண்பகல் தாண்டும்போது தரைக்கு இறங்கி வாசலை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. ஓவியர் ரஃபேலின் கல்லறையும் இத்தாலிய அரசர்களின் கல்லறைகளும் உள்ளே இருக்கின்றன. நான் அவற்றை ஒரு பார்வை பார்த்ததோடு சரி. மூன்றாம் நாள் பிற்பகல் திடீரென மழை பிடித்தது. மகள் விடுதியிலேயே இருக்கலாம் என்றாள். நான் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். வாசலில் இன்னொரு 5 யூரோ.

உள்ளே மழை பெய்துகொண்டிருந்தது. கண்ணின் அளவுக்கு ஒரு வட்டத் தூண்போல மழை இறங்கி, நடுத் தரையில் மட்டும் விழுந்தது. சுற்றிக் கயிறு கட்டி ஆட்களை விலக்கியிருந்தார்கள். உள்ளே மழையே விழாது என்று சிலர் எழுதுவதை நம்பாதீர்கள். விழுகிறது; தேங்கவில்லை. நிறக் கற்கள் பதித்த அந்தத் தரை கண்ணுக்குத் தட்டையாகத் தெரியும். நடுவில் மெல்ல உயர்ந்து ஓரம் நோக்கி வாட்டம் கொடுத்திருக்கிறார்கள். 22 சிறு துளைகள் தண்ணீரை அடியில் உள்ள வடிகாலுக்கு வாங்கிக்கொள்கின்றன. மழை விட்டுக் கால் மணி நேரத்தில் ஈரம் மட்டுமே மிச்சம். மொட்டை மாடியில் தண்ணீர் தேங்குகிறது என்ற புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதியே எனக்குப் பாதிப் பணிக்காலம் போயிற்று. அந்தத் தரையில் ஒரு குட்டை நிற்கவில்லை.

கேட்டவர்களுக்கு என் பதில் இதுதான். ஒன்றுக்கு மட்டும் நேரம் என்றால் பாந்தியன். வயதானவர்கள், குழந்தைகளோடு போகிறவர்கள், ஏற முடியாதவர்கள், எல்லாரும் தரைமட்டத்தில் நடந்து போய்ப் பார்க்கலாம். எதையும் படிக்காமல் போனாலும் அது உங்களைத் தொடும். இன்றும் முழுசாக நிற்பதற்கு ஒரு காரணம், கி.பி. 609-இல் தேவாலயமானதிலிருந்து அதைக் கைவிடாமல் புழங்கி வந்ததும்தான். அக்ரோபொலிசுக்குப் போகிறவர்கள் முந்தின நாள் மாலை இரண்டு மணி நேரமாவது அருங்காட்சியகத்தில் செலவிட்டுவிட்டு மறுநாள் காலை மேலே ஏறுங்கள். இல்லாவிட்டால் 30 யூரோவுக்கு உடைந்த தூண்கள்தான் தெரியும். ஆனால் கட்டடத் தொழிலில் இருப்பவர் யாராவது இதைப் படித்தால், பொறியாளரோ, மேஸ்திரியோ, கல்தச்சரோ, கடன் வாங்கியாவது பார்த்தெனானின் எதிரில் ஒருநாள் போய் நில்லுங்கள். அந்த வெள்ளைத் திட்டுகளைப் பாருங்கள்.

ஊர் வந்த மறுவாரம், என்னோடு இருபது ஆண்டுகள் வேலை பார்த்த கொத்தனார் ஒருவர் பேத்தியின் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தார். கைப்பேசியில் பாந்தியனின் உட்புறப் படத்தைக் காட்டி, விட்டத்தைச் சொன்னேன், கம்பியே இல்லை என்றும் சொன்னேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, படத்தை விரலால் பெரிதாக்கி, உச்சிக் கண்ணின் விளிம்பையே வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து கேட்டார்:

"சென்ட்ரிங்கை எத்தனை நாள் கழித்துப் பிரித்தார்கள், எஞ்சினியரம்மா?"